கண்ணை மூடினது போதும், கொஞ்சம் திறங்க சார்!

சிப்காட் பக்கம் ஒரு புது வழக்கம் வந்திருக்கு. வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை கேன்டீன் ஹால்ல நாற்காலிகளை வரிசையாப் போட்டு, வெளியூர்லேர்ந்து ஒரு பயிற்சியாளரைக் கூட்டிட்டு வந்து, எல்லாரையும் கண்ணை மூடச் சொல்றாங்க. மூச்சைக் கவனிங்க. வர்ற மூச்சு, போற மூச்சு. எண்ணம் வந்தா வரட்டும், போனாப் போகட்டும். நாற்பது நிமிஷம். முடிஞ்சதும் ஒரு சமோசா, ஒரு டீ, ஒரு குரூப் போட்டோ. லைனுக்குத் திரும்பிப் போனா டார்கெட் அதே டார்கெட், சூப்பர்வைசர் அதே சூப்பர்வைசர், லீவு கேட்டா அதே மூஞ்சி.

வெவ்வேறு இடத்துல வேலை பார்க்கற என் நண்பர்கள் மூணு பேரும் இதே கதையைத்தான் சொன்னாங்க. "இது புத்தர் சொல்லிக் கொடுத்த முறை"ன்னு பயிற்சியாளர் ஆரம்பத்திலேயே சொல்லிடறாராம். அங்கேதான் எனக்குக் கோபம் வருது.

தியானத்துக்கு நான் எதிரி இல்லை. தினமும் உட்கார்ற ஆள்தான். என் சண்டை யாரோடன்னா, ஒரு முழு வாழ்க்கை முறையிலேர்ந்து ஒரு துண்டை மட்டும் நறுக்கி, தலைவலி மாத்திரை மாதிரி அட்டையில போட்டு விக்கறவங்களோட. அப்புறம், அந்தத் துண்டை வாங்கிட்டு வந்து "நான் பயிற்சியில ஆழமாப் போயிட்டேன்"னு சொல்லிக்கிட்டு, வீட்ல இருக்கற மனுஷங்களைக் கண்டுக்காம இருக்கறவங்களோட. ரெண்டாவது கூட்டம்தான் என்னை ரொம்பக் கடுப்பேத்துது.

சீலம், சமாதி, பிரக்ஞை. ஒழுக்கம், மன ஒருமை, அறிவு. பௌத்தத்துல பயிற்சின்னா இந்த மூணும் சேர்ந்ததுதான். கேன்டீன் ஹாலுக்கு வர்றது நடுவுல இருக்கறது மட்டும். முதலாவது வந்தா நிர்வாகத்துக்குச் சங்கடம், மூணாவது வந்தா எல்லாருக்குமே சங்கடம். 1979ல் அமெரிக்காவுல ஜான் கபட்-ஜின் மருத்துவமனை நோயாளிகளுக்காக மூச்சுப் பயிற்சியை மதச்சார்பில்லாம வடிவமைச்சப்போ நோக்கம் நல்ல நோக்கம்தான். வலியோட வாழறவங்களுக்கு அது உதவியிருக்கு. ஆனா அங்கேர்ந்து கம்பெனிகளுக்குப் போய், அங்கேர்ந்து மொபைல் ஆப்புக்குப் போய், கடைசியா நம்ம ஊருக்கு வந்து சேரும்போது மிச்சம் இருக்கறது "டென்ஷன் ஆகாதீங்க" மட்டும்தான். டென்ஷன் எங்கேர்ந்து வருதுன்னு யாரும் கேக்கறதில்லை.

கோயங்கா வழி விபஸ்ஸனாவை இந்தக் கணக்குல சேர்க்க மாட்டேன். 10 நாள் வகுப்புக்குக் காசு வாங்கறதில்லை, பழைய மாணவர்கள் தர்ற தானத்துலதான் அது நடக்குது. முதல் நாளே பஞ்சசீலம் எடுத்துக்கணும். நேர்மையான ஏற்பாடு. ஆனா எங்க ஊர்ல ஒப்பந்தத் தொழிலாளிக்குத் தொடர்ந்து 10 நாள் லீவு யார் தருவாங்க? திருமுடிவாக்கத்துக்கோ, பெங்களூரு துமகூரு ரோடு பக்கமோ போய் உட்கார்ந்துட்டு வந்தா, வந்த அன்னிக்கு அவன் இடத்துல வேற ஒருத்தன் நின்னுட்டு இருப்பான். அப்போ பௌத்தப் பயிற்சி லீவு கிடைக்கறவங்களுக்கு மட்டும்தானா?

இந்தக் கேள்விக்குப் பதில் புத்தர்கிட்டயே இருக்கு. சிகாலோவாத சுத்தம்னு ஒண்ணு, தீக நிகாயத்துல இருக்கு. ராஜகிருகத்துல சிகாலன்னு ஒரு பையன், காலையில ஈரத் துணியும் ஈரத் தலையுமா நின்னு ஆறு திசையையும் கும்பிட்டுட்டு இருக்கான். ஏன்னு கேட்டா, அப்பா சாகும்போது சொல்லிட்டுப் போனாராம். பாவம், அர்த்தம் தெரியாது, ஆனா அப்பா சொன்னதாச்சேன்னு செய்யறான். புத்தர் அவனைக் கிண்டல் பண்ணலை. "கண்ணை மூடி உட்கார், அதான் பெரிசு"ன்னும் சொல்லலை. திசைகளுக்கு வேற அர்த்தம் கொடுத்தார். கிழக்கு அம்மா அப்பா, தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர்கள், கீழே வேலையாட்கள், மேலே துறவிகள். ஒவ்வொரு திசைக்கும் நீ செய்ய வேண்டியது என்ன, அவங்க உனக்குச் செய்ய வேண்டியது என்னன்னு பட்டியலே போட்டுட்டார். கடமை ரெண்டு பக்கமும் உண்டு, கவனிங்க. பிள்ளை அப்பா அம்மாவைக் காப்பாத்தணும்னு மட்டும் சொல்லி நிறுத்தலை. புருஷன் மனைவியை மதிக்கணும், இழிவாப் பேசக்கூடாது, துரோகம் பண்ணக்கூடாது, வீட்டு அதிகாரத்தை அவகிட்டக் கொடுக்கணும்னும் இருக்கு.

கீழ்த்திசைக்கு வருவோம், நம்ம ஊருக்கு அதுதானே முக்கியம். முதலாளி செய்ய வேண்டியது அஞ்சு. சக்திக்கு ஏத்த மாதிரி வேலை பிரிச்சுக் கொடுக்கறது. சாப்பாடும் கூலியும் கொடுக்கறது. நோய் வந்தா பார்த்துக்கறது. விசேஷமான பண்டம் கிடைச்சா பகிர்ந்துக்கறது. தக்க நேரத்துல லீவு விடறது. நாலாவதை எல்லாக் கம்பெனியும் ஒழுங்காச் செய்யுது, ஒத்துக்கறேன். ஆயுத பூஜைக்குப் பொரி கடலையும் ஸ்வீட் பாக்ஸும் தவறாம வந்துடுது. மத்த நாலு?

ஆக, புத்தர் பேரைச் சொல்லி ஹால்ல கண்ணை மூட வைக்கிற ஹெச்.ஆர். சார்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை பயிற்சியாளர் வரும்போது இந்த அஞ்சையும் பெரிசா எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, ஒடியான்னு அஞ்சு மொழியிலயும். அதுக்கு அப்புறம் கண்ணை மூடச் சொல்லுங்க, சந்தோஷமா மூடறோம்.

இந்த இடத்துல ஒருத்தர் கண்டிப்பாக் கேப்பார்: "பொண்டாட்டி புள்ளையை ராத்திரியோட ராத்திரியா விட்டுட்டு ஓடினவர்கிட்டயா குடும்பம் நடத்தக் கத்துக்கணும்?" கல்லூரி கேன்டீன்ல இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்காத ஆளே கிடையாது. சரி, ஓடினார். ஆனா திரும்பி வந்த கதையை யாராவது சொல்றாங்களா? கபிலவஸ்துவுக்கு வர்றார். மகன் ராகுலன் சங்கத்துல சேர்க்கப்படறான். தாத்தா சுத்தோதனர் வந்து நிக்கறார். நீ போனப்போ பட்ட வேதனை, அப்புறம் நந்தன் போனப்போ பட்டது, இப்போ பேரன். தோலைக் கிழிச்சு, சதையைக் கிழிச்சு, எலும்பு வரைக்கும் இறங்கற வலின்னு சொல்றார். இனிமே பெத்தவங்க சம்மதம் இல்லாம எந்தப் பிள்ளையையும் துறவுல சேர்க்காதீங்கன்னு கேக்கறார். புத்தர் அதை ஏத்துக்கிட்டு விதியாவே ஆக்கிட்டார். விநய பிடகத்துல பதிவாகியிருக்கு. தன்னால வலிபட்ட அப்பாவோட வார்த்தையை நிறுவனத்தோட சட்டமா மாத்தின மனுஷனை "ஓடிப்போனவர்"னு ஒரே வரியில முடிச்சுடறது கொஞ்சம் அவசரம்.

அதே விநயத்துல இன்னொரு சம்பவம். ஒரு பிக்கு வயித்துப்போக்குல தன் மலத்திலேயே கிடக்கார். யாரும் கவனிக்கலை. கேட்டா, அவரால மத்தவங்களுக்கு ஒரு உபயோகமும் இல்லையாம். புத்தர் ஆனந்தரைத் தண்ணி எடுத்துட்டு வரச் சொல்லி, தானே ஊத்த, ஆனந்தர் கழுவ, ரெண்டு பேரும் தூக்கிக் கட்டில்ல படுக்க வைக்கறாங்க. அப்புறம் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னதோட சாரம் இதுதான்: உங்களுக்கு இங்கே அம்மா கிடையாது, அப்பா கிடையாது. நீங்களே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கலைன்னா வேற யார் பார்ப்பாங்க?

இதை ஓசூர்ல ஒரு ரூம்ல உட்கார்ந்து படிச்சுப் பாருங்க. பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாவிலேர்ந்து வந்த பசங்க, தர்மபுரி, திருவண்ணாமலையிலேர்ந்து வந்த பசங்க, ஒரு ரூமுக்கு ஏழெட்டு பேர். ஷிப்ட் மாறிப் படுக்கறதால பாயே ஆறறதில்லை. இங்கே ஒருத்தனுக்கு டெங்கு வந்தா அம்மா கிடையாது, அப்பா கிடையாது, அப்படியே அதே நிலைமை. லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கற பொண்ணுங்களுக்கும் அதேதான். பக்கத்துப் படுக்கைக்காரனுக்குக் கஞ்சி வச்சுக் கொடுக்கறதுக்காக அரை நாள் சம்பளத்தை விடறவன், மூணு மணி நேரம் ஆடாம அசையாம உட்கார்றவனை விடப் பயிற்சியில முன்னாடி இருக்கான். இதை நான் கிளப்பி விடலை, மேலே சொன்ன சம்பவம் சொல்லுது.

இப்போ அந்த ரெண்டாவது கூட்டம். எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன், நல்ல படிப்பு, நல்ல வேலை. ரெண்டு வருஷமாத் தீவிரப் பயிற்சி. அவங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ இவர் வந்து ஒரு அஞ்சு நிமிஷம் நின்னுட்டு, "எல்லாம் அநித்தியம்"னு சொல்லிட்டுப் போயிட்டார். இரவெல்லாம் கூட இருந்தது தங்கச்சி. கேட்டா உபேட்சையாம், சமநிலையாம்.

இந்த வியாதிக்கு 1500 வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் பேர் வச்சிருக்கார். விசுத்திமார்க்கம் எழுதின புத்தகோசர். அனுராதபுரத்துல உட்கார்ந்து எழுதினவர், காஞ்சிபுரத்திலயும் தங்கியிருந்தவர், அதனால நமக்கு ரொம்ப அந்நியர் இல்லை. மைத்ரி, கருணை, முதிதை, உபேட்சைன்னு நாலு குணத்தைப் பத்திச் சொல்லும்போது ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு எதிரி காட்டறார். ஒண்ணு தூரத்து எதிரி, இன்னொண்ணு பக்கத்து எதிரி. மைத்ரிக்குத் தூரத்து எதிரி வெறுப்பு, அது எல்லாருக்கும் தெரியும். பக்கத்து எதிரி பற்று. கருணைக்குத் தூரத்து எதிரி கொடூரம், பக்கத்து எதிரி சோகம். உபேட்சைக்குப் பக்கத்து எதிரி அறியாமையில வர்ற அலட்சியம். பக்கத்து எதிரின்னா என்ன? பார்க்க அசல் மாதிரியே இருக்கும், அதே சட்டை போட்டுட்டு வீட்டுக்குள்ள வந்துடும், அதனால கண்டுபிடிக்கறது கஷ்டம். அந்த அண்ணன் உபேட்சைன்னு நினைச்சு வளர்த்தது அதோட பக்கத்து எதிரியை.

உட்கார்ந்து பழகறதோட உபயோகமே இங்கேதான் வருது, என்னைக் கேட்டா. அம்மாவுக்கு சுகர் ஏறிடுச்சுன்னு கேட்டதும் மனசுல என்ன எழும்புதுன்னு பார்க்கணும். அது கருணையா, இல்லை "ஐயோ எனக்கு இப்படி ஆச்சே"ங்கற சோகமா? சோகம்னா அம்மா கையிலேர்ந்து ஆறுதலை நாம பிடுங்கிட்டு வருவோம். அவங்க நமக்கு தைரியம் சொல்ல வேண்டியிருக்கும். கருணைன்னா மருந்துச் சீட்டை வாங்கிப் பார்ப்போம், ராகிக் களியா கஞ்சியான்னு கேப்போம், டாக்டர்கிட்ட நாம பேசுவோம். இந்த வித்தியாசம் தெரியறதுக்கு மனசு கொஞ்சம் அமைதியா இருக்கணும், அந்த அமைதிக்குத்தான் மூச்சு. நம்ம ஆளுங்க அமைதியையே கடைசி ஸ்டாப்னு நினைச்சு இறங்கிடறாங்க.

பற்று மைத்ரி வேஷம் போட்டா என்ன ஆகும்னு எங்க மாவட்டத்துக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2018 நவம்பர்ல ஓசூர் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த ஒரு இளம் தம்பதியோட உடல்கள் கர்நாடகாவுல காவிரி ஆத்துல கிடைச்சுது. சாதி மாறிக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. கைதானவங்க பொண்ணோட அப்பாவும் உறவுக்காரங்களும். இந்த மாதிரி வீடுகள்ல போய்க் கேளுங்க, பொண்ணு மேல அன்பு இல்லைன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. உயிரையே வச்சிருந்தோம்பாங்க. என் பொண்ணு, என் ரத்தம், என் சாதி. "என்"ங்கறதுல ஆரம்பிச்சு ஆத்துல முடிஞ்ச அன்பு அது. நெருங்கினவங்களுக்குத் துணையா இருக்கறது எப்படின்னு கேக்கற எவனும் முதல்ல இந்த "என்"னைத்தான் பார்க்கணும்.

சாதின்னு வந்த பிறகு அம்பேத்கர் வழியில பௌத்தம் தழுவின நண்பர்கள்கிட்டயும் கொஞ்சம் பேசணும். 1956 அக்டோபர் 14ல் நாக்பூர்ல நடந்ததை நான் எவ்வளவு பெரிசா நினைக்கறேன்னு என் வகுப்புல எல்லாருக்கும் தெரியும். ஆனா பைக்ல தர்மச் சக்கரம் ஒட்டறதும், 22 உறுதிமொழியை லேமினேட் பண்ணி மாட்டறதும் பயிற்சி ஆயிடுமா? அந்த உறுதிமொழிகள்ல எண்வழிப் பாதையைக் கடைப்பிடிப்பேன்னு இருக்கு, குடிக்க மாட்டேன்னு இருக்கு. சம்பள நாள்ல டாஸ்மாக் வரிசையில சக்கரம் ஒட்டின பைக்கைப் பார்க்கும்போது என்ன சொல்றது... வீட்ல அம்மா இன்னமும் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியைத்தான் வழிச்சுச் சாப்பிடறாங்க. ஐந்தாவது சீலத்தை மேல்சாதி ஆசாரம்னு கேலி பண்றவங்க, அது எந்த வீட்டு அரிசிப் பானையைக் காப்பாத்துதுன்னு யோசிக்கணும். (சாதிச் சான்றிதழ் போயிடுமோன்னு பயந்து தயங்கறவங்களுக்கு: 1990 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் பட்டியல் சாதியிலேர்ந்து பௌத்தரானவங்களுக்கும் அந்த உரிமை உண்டு.)

"இதெல்லாம் பேசலாம், ஷிப்ட் வேலை பார்க்கறவனுக்கு நடக்குமா?" நடந்திருக்கு. ரொம்ப தூரத்துல இல்லை, கிருஷ்ணகிரியிலேர்ந்து குப்பம் வழியாப் போனா வர்ற கோலார் தங்கவயல்ல.

அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். 1898ல் கர்னல் ஆல்காட்டோட இலங்கைக்குப் போய்ப் பஞ்சசீலம் பெற்று வந்து சென்னையில சாக்கிய பௌத்த சங்கத்தை ஆரம்பிச்சார். 1907ல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை. அடுத்த வருஷமே பேர் 'தமிழன்'னு சுருங்கிடுச்சு. சங்கத்துக்குக் கிளைகள் முளைச்ச இடங்களைப் பாருங்க: மாரிக்குப்பம், பெங்களூரு, திருப்பத்தூர், ரங்கூன், தென்னாப்பிரிக்காவுல நேட்டால். எல்லாம் வேலை தேடித் தமிழன் போன ஊர். மாரிக்குப்பம்னா தங்கவயல்தான். ஜான் டெய்லர் கம்பெனி 1880லேர்ந்து தோண்டின சுரங்கம், போகப் போக 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினது. பாறை வெடிச்சு நசுங்கலாம். தப்பிச்சா தூசி நுரையீரலுக்குள்ள போய் சிலிகோசிஸ். அந்த வேலைக்கு இறங்கினவங்கள்ல பெரும்பாலானவங்க வட ஆற்காட்டுப் பக்கத்துத் தாழ்த்தப்பட்ட மக்கள்.

அவங்களுக்கு 10 நாள் லீவா கிடைச்சுது? ஷிப்ட் முடிஞ்சு மேலே வந்து, குளிச்சுட்டு, கூட்டத்துக்குப் போனாங்க. பத்திரிகையைப் படிக்கத் தெரிஞ்சவர் படிக்க, மத்தவங்க கேட்டாங்க. பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம். கல்யாணத்தைப் புரோகிதர் இல்லாம பௌத்த முறையில நடத்தினாங்க, சாவுக்கும் அப்படியே. நினைச்சுப் பாருங்க, சுரங்கத்துல புருஷனை இழந்த ஒரு பொம்பளை வாசல்ல அந்தக் கூட்டம் வந்து நிக்கறதோட அர்த்தம் என்ன? ஊர்ல தொடக் கூடாதுன்னு தள்ளி வச்ச பிணத்தை மரியாதையாத் தூக்கிட்டுப் போக நாலு பேர் இருக்காங்கன்னு அர்த்தம். 1914ல் பண்டிதர் இறந்த பிறகும் இது அணையலை. சாம்பியன் ரீஃப்ஸ்ல சித்தார்த்தா புத்தகசாலை நடந்துது. நின்னு போன 'தமிழன்' 1926ல் தங்கவயல்லேர்ந்தே மறுபடி வந்துது, ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். 2001 பிப்ரவரி 28ல் சுரங்கத்தையே மூடிட்டாங்க. அந்த மக்களோட பேரன் பேத்திகள்ல எத்தனையோ பேர் அதிகாலை ரயில் பிடிச்சு பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டு ராத்திரி திரும்பறாங்க.

தங்கவயல்காரங்க பயிற்சியில ஆழம் இல்லைன்னு எந்தத் தியான ஆசிரியராவது சொல்வாரா? எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாங்கன்னு கணக்கு இல்லாம இருக்கலாம். ஆனா அவங்க பயிற்சி பக்கத்து வீட்டு அடுப்பு வரைக்கும் போச்சு. மணிமேகலையிலயும் வரிசை இப்படித்தானே? அமுதசுரபி கைக்கு வந்து, ஊர்ப் பசியைத் தீர்த்து, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமா மாத்தி, எத்தனையோ அலைஞ்ச பிறகு, 30வது காதையிலதான் அவ நோன்பு எடுக்கறா. நம்ம ஆளுங்க முதல்ல நோன்பு எடுத்துடறாங்க, சோறு போடறதை அப்புறம் பார்த்துக்கலாமாம்.

"சரிப்பா, நாளைக்குக் காலையில நான் என்ன பண்ணணும்?"னு கேக்கறவங்களுக்கு: கிருஷ்ணகிரியிலேர்ந்து ஓசூர் வர்ற கம்பெனி பஸ்ல ஒரு மணி நேரம் இருக்கு. அதுல இருபது நிமிஷம் போனை உள்ளே வச்சுட்டு மூச்சைப் பாருங்க. மிச்ச நேரம் தூங்கிக்கோங்க, தப்பில்லை, சி ஷிப்ட் முடிச்சவன் தூங்கறதும் தர்மம்தான் :-) சம்பளம் வந்ததும் கணக்கு எழுதுங்க. வரவு செலவைத் தராசு பிடிக்கறவன் மாதிரி பார்த்துக்கணும்னு புத்தரே தீகஜானுங்கற குடும்பஸ்தருக்குச் சொல்லியிருக்கார். லோன் ஆப்புல வாங்கி ஊருக்குப் பணம் அனுப்பறது அம்மாவுக்குச் செய்யற உதவி இல்லை, ஆறு மாசம் கழிச்சு அவங்க தாலியை அடகு வைக்கப் போற ஏற்பாடு. போன்ல அம்மா சொன்ன கதையையே மூணாவது தடவை சொல்லும்போது எரிச்சல் எங்கேர்ந்து கிளம்புதுன்னு கவனிங்க. நெஞ்சுலயா, தாடையிலயா? கேன்டீன் ஹால் மூச்சு அந்த இடத்துலதான் வேலைக்கு வரும். பௌர்ணமி அன்னிக்கு உபோசதம் இருக்கறவங்க, விரதத்தோட சேர்த்து, காய்ச்சல்ல கிடக்கற ஒரு ரூமுக்காவது போயிட்டு வாங்க.

அந்த அண்ணனுக்கு இதைப் படிக்கக் கொடுக்கலாமான்னு அவரோட தங்கச்சிகிட்டக் கேட்டேன். "அவருக்கு வேணாம், விசுத்திமார்க்கத்துல அந்தப் பக்கத்து எதிரி பக்கம் எதுன்னு எனக்குச் சொல்லு, நான் படிக்கறேன்"னா. ஒன்பதாவது அத்தியாயம்னு சொல்லியிருக்கேன்.